சந்தாவா, இலவசமா? 380 ரா படங்களை வைத்துக்கொண்டு முழிக்கிறேன்

#1 மங்கல்வெளிச்சம்

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

யாரோ பயன்படுத்திய மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கினேன். போன வாரம் நண்பர்கள் போட்ட நாடகத்தை மேடைக்குக் கீழே உட்கார்ந்து எடுத்தேன். 380 படங்கள், எல்லாமே ரா (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு), ஐஎஸ்ஓ 6400 (இருட்டுக்காக ஏற்றிய ஒளி உணர்திறன்). மேடையில் சிவப்பும் நீலமுமாக எல்இடி விளக்குகள். ஒருவர் முகம் செங்கல் நிறத்தில் இருக்கிறது, பக்கத்தில் நிற்பவர் முகம் மை கொட்டியது போல.

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளைச் சோதனைக் காலத்துக்கு இறக்கி 40 படம் வரை சரிசெய்துவிட்டேன். கைக்குப் பிடித்துவிட்டது. நாளை மறுநாள் சோதனைக் காலம் முடிகிறது. அப்புறம் மாதாமாதம் கட்ட வேண்டும். நான் இதில் ஒரு காசும் சம்பாதிப்பதில்லை. மாதத்துக்கு ஒரு நாள் கேமராவைத் தொட்டாலே பெரிது.

டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் என்று இலவச மென்பொருள்களின் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நேற்று டார்க்டேபிளில் ஒரு படத்தைத் திறந்தேன். சாம்பல் பூசியது போல வந்தது. பயந்து மூடிவிட்டேன்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அப்பாவின் இருபது வயதுப் படம், கறுப்பு வெள்ளை. யாரோ மடித்து வைத்ததில் கன்னத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அதை எடுக்க வேண்டும்.

மடிக்கணினியில் 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கட்டலாமா, மாறலாமா?

#2 பழையநெகடிவ்

கட்டிவிடுங்கள் தம்பி. 40 படம் செய்து, கைக்கும் பிடித்துவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதற்கு மேல் என்ன கேள்வி?

லைட்ரூமை விற்கும் அடோபியின் ஃபோட்டோஷாப்பை நான் லேயர் (படத்தின் மேல் அடுக்கும் தனித் தாள்) இல்லாத காலத்திலிருந்து பார்க்கிறேன். 1990இல் முதல் பதிப்பு வந்தபோது மேக்கில் மட்டும்தான் ஓடும். லேயர் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில். அதற்கு முன் படத்தின் மேல் ஓர் எழுத்தை வைத்துத் தேர்வை விலக்கிவிட்டால் படத்தோடு படமாக ஒட்டிக்கொள்ளும். பின்வாங்க ஒரே ஒரு படிதான். பல படி பின்னால் போகும் ஹிஸ்டரி 1998இல் ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்தது. ஒரு சந்திப்பிழைக்காக முழு போஸ்டரையும் திரும்பச் செய்திருக்கிறேன். இத்தனை வருடம் முழுநேர ஆட்களை வைத்து ஒவ்வொன்றாகத் தீட்டிய கருவி அது. அதே ஆட்களின் லைட்ரூம் மூஞ்சியைத் தானே கண்டுபிடித்து, அதை மட்டும் திருத்தும்படி மாஸ்க் போடுகிறது. நாய்ஸை (இருட்டில் எடுத்தால் வரும் பொரிப் புள்ளிகளை) ஒரு சொடுக்கில் எடுக்கிறது. 6400இல் எடுத்த உங்களுக்கு அதுதான் தேவை.

இலவசம் என்று போனால் உங்கள் நேரம்தான் விலை.

#3 கட்டற்றகாக்கை

பழையநெகடிவ் சார் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னப் பையன். ஆனால் இந்த 'இலவசம்' என்ற ஒரே மூட்டையில் எல்லாவற்றையும் கட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

இலவசம், கட்டற்றது: ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல். நம்மிடம் இரண்டு சொல் இருந்தும் நாம் ஒன்றைத்தான் புழங்குகிறோம். இலவசம் என்றால் இன்று காசு கேட்கவில்லை, அவ்வளவுதான். கட்டற்றது என்றால் மூலநிரலே உங்கள் கையில், நாளைக்கு யாரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

நிக் கலெக்‌ஷன் ஞாபகம் இருக்கிறதா? விலைக்கு விற்ற செருகுநிரல் தொகுப்பு. கூகுள் 2016 மார்ச்சில் அதை இலவசமாக்கியபோது எல்லாரும் ஓடிப்போய் இறக்கினோம். 2017இல் டிஎக்ஸ்ஓ நிறுவனத்துக்கு விற்றார்கள், அடுத்த வருடமே புதுப் பதிப்புக்கு விலை வந்தது. கூகுளின் பட மென்பொருள் பிகாசாவும் இலவசம்தான், 2016இல் நிறுத்தப்பட்டது. அஃபினிட்டி ஃபோட்டோ என்ற பட எடிட்டரின் கதை தலைகீழ். 2015இலிருந்து ஒரே தடவை காசு கொடுத்து வாங்குவதாக இருந்தது, 2024இல் கேன்வா நிறுவனம் அதை வாங்கியது, 2025 அக்டோபரில் இலவசம் என்று அறிவித்தார்கள். இன்று நல்ல செய்திதான். ஆனால் முடிவு எடுக்கும் இடம் உங்கள் வீடு இல்லை.

கிம்ப் 1995இல் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. இருவரும் சில வருடங்களிலேயே விலகிவிட்டார்கள். நிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் 3.0 வந்தது. (இடையில் ஒன்று: பொத்தான், ஜன்னல் வரைய அவர்கள் எழுதிய ஜிடிகே என்ற துணைக்கருவியில்தான் லினக்ஸில் பல மென்பொருள்கள் நிற்கின்றன. பட எடிட்டர் எழுதப் போய் மேசை நாற்காலியெல்லாம் செய்து கொடுத்துவிட்டார்கள்.)

மங்கல்வெளிச்சம், மாதம் ஒரு நாள் கேமரா தொடுபவருக்குச் சந்தா எதற்கு?

#4 அரைத்தூக்கம்

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டீர்கள்.

#5 மட்டுறுத்துநர்

காசு கட்டாமல் பூட்டு உடைத்த திருட்டுப் பதிப்புகளைப் பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். இணைப்பு வந்தால் பதிவு போகும். இழை நன்றாகப் போகிறது, அப்படியே விடுங்கள் அரைத்தூக்கம்.

#6 அரைத்தூக்கம்

நான் சொல்ல வந்தது எடிட் பண்ணாமலே விடுவதைத்தான் சாமி.

#7 நிழல்வள்ளி

சிரித்துவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

நான் பொருட்களைப் படமெடுத்துப் பிழைப்பவள். பை, செருப்பு, கண்ணாடிப் பாட்டில். காலையில் 60 பொருள் எடுத்தால் மாலைக்குள் வெள்ளைப் பின்னணியோடு போக வேண்டும். கேமராவைக் கணினியோடு கம்பியில் இணைத்து, கேப்சர் ஒன் என்ற மென்பொருளில் எடுக்கிறேன். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டே 'அந்தக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்' என்பார். அந்த நேரத்தில் படம் வர அரை நிமிடம் தாமதித்தால் எனக்கு வியர்க்கும். அச்சகத்துக்குப் போகிற கோப்பு சிஎம்ஒய்கேவில் (அச்சு மைகளின் நான்கு நிறக் கணக்கு) இருக்க வேண்டும். கிம்ப் 3இல் ஆர்ஜிபியில் (திரையின் மூன்று நிறக் கணக்கு) வேலை செய்து, அச்சில் எப்படி வரும் என்று முன்னோட்டம் பார்த்து, ஏற்றுமதியில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சிஎம்ஒய்கேவிலேயே உட்கார்ந்து கறுப்புத் தகட்டை மட்டும் தொட்டுத் திருத்த முடியாது. எனக்கு அது வேண்டும். அதனால் கட்டுகிறேன்.

வீட்டில் என் சொந்தப் படங்களுக்கு டார்க்டேபிள்தான். அங்கே யாரும் எனக்காகக் காத்திருப்பதில்லை.

பழையநெகடிவ் சொன்ன 'நேரம்தான் விலை' என்பது எனக்குப் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக உட்காருபவருக்கு எப்படிப் பொருந்தும்? அவருக்கு அந்த நேரம்தானே சுகம்.

மங்கல்வெளிச்சம், ஒரு எச்சரிக்கை. கட்டுவதானால் பொத்தானுக்கு மேலே உள்ளதை முழுதாகப் படியுங்கள். மாதாமாதம் கட்டுவது என்று தெரியும் திட்டம் பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம், தவணைதான் மாதத்துக்கு. நடுவில் விலகினால் அபராதம். அந்தத் தொகையைத் தெளிவாகக் காட்டவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மீது வழக்குப் போட்டது. ஒரே ஒரு மாதத்துக்கு என்று தனித் திட்டம் இருந்தால் அதைப் பாருங்கள், கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

#8 மங்கல்வெளிச்சம்

நன்றி அக்கா, அந்த ஒப்பந்த விஷயம் எனக்குத் தெரியாது. 'மாதம்' என்ற எழுத்து பெரிதாக இருந்தது, அதைத்தான் பார்த்தேன்.

யாராவது அந்தச் சாம்பல் விஷயத்தைச் சொல்லுங்களேன். கேமராத் திரையில் நன்றாக இருந்த படம் டார்க்டேபிளில் ஏன் செத்துக் கிடக்கிறது? நான்தான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?

#9 கட்டற்றகாக்கை

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. கேமராத் திரையில் நீங்கள் பார்த்தது ரா இல்லை. ரா கோப்புக்குள் கேமராவே ஒரு சின்ன ஜேபெக்கைப் பொதிந்து வைக்கும். அதில் கம்பெனிக்காரன் தன் கைச்சரக்கை எல்லாம் போட்டிருப்பான்: கான்ட்ராஸ்ட் ஏற்றம், நிறச் செறிவு, கூர்மை, நாய்ஸ் குறைப்பு. டார்க்டேபிள் அதை ஒதுக்கிவிட்டு சென்சார் தந்த எண்களிலிருந்து தொடங்குகிறது. லைட்ரூமும் அந்த எண்களிலிருந்துதான் தொடங்குகிறது, ஆனால் திறந்தவுடன் தன் கைச்சரக்கைப் போட்டுவிட்டுத்தான் உங்களுக்குக் காட்டும். அதனால் அங்கே படம் உயிரோடு வந்து நிற்கிறது.

இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் எக்ஸ்போஷர் மாட்யூலை (ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பெட்டி, அதுதான் மாட்யூல்) திறந்து, முகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டுமோ அதுவரை ஏற்றுங்கள். பின்னால் விளக்கு வெளுத்துப்போகிறதே என்று பார்க்காதீர்கள், முகத்தை மட்டும் பாருங்கள். அடுத்து சிக்மாய்ட் மாட்யூல். அதில் கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் ஒன்றை நகர்த்தினாலே வெளுத்தது திரும்பி வரும், இருட்டும் இறங்கும். பாதிச் சாம்பல் இந்த இரண்டிலேயே போய்விடும். மிச்சம் நிறம். கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் செறிவைத் தொட்டால் போதும்.

பதிப்பு 5க்கு மேல் வைத்திருந்தால் இன்னும் சுலபம். 500க்கும் மேற்பட்ட கேமரா மாடல்களுக்கு, கேமராவின் ஜேபெக்கை ஒட்டி வரும்படி ஸ்டைல்கள் (தயாராக வைத்த அமைப்புகள்) சேர்த்திருக்கிறார்கள். உங்கள் மாடல் பெயரைத் தேடி ஒரு தடவை போட்டுவிட்டு அதிலிருந்து தொடங்கலாம்.

இதையெல்லாம் ஏன் ராவில் செய்ய வேண்டும் என்றால், ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. இருட்டில் கிடக்கும் முகத்தை நாலு மடங்கு தூக்கும்போது ஜேபெக்கில் படிக்கட்டு தெரியும், ராவில் தெரியாது.

டார்க்டேபிள் மூலப்படத்தைத் தொடவே தொடாது. நீங்கள் செய்த மாற்றங்களை மட்டும் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி கோப்பில் எழுதி வைக்கும். சில கேபிதான். பயப்படாமல் கண்டதையும் திருகுங்கள்.

#10 பழையநெகடிவ்

கேமரா ஏற்கெனவே காட்டிய படத்துக்கு வந்து சேரவே இவ்வளவு பாடம். நான் வாயே திறக்கவில்லை.

#11 கட்டற்றகாக்கை

திறந்துவிட்டீர்கள் சார்.

#12 மங்கல்வெளிச்சம்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். சோதனைக் காலம் முடிவதற்குள் ஒரே ஐந்து படங்களை இரண்டிலும் செய்து பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாதாரண மஞ்சள் விளக்கில் எடுத்த இரண்டு படம்: காக்கை சொன்ன வரிசையில் போனேன். முதல் படத்துக்கு இருபது நிமிடம். இரண்டாவதுக்கு நாலு நிமிடம். முடிவில் இரண்டு மென்பொருளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தங்கையைக் கேட்டேன். டார்க்டேபிள் படத்தைத்தான் கைகாட்டினாள். காரணம் கேட்டால் சும்மா என்கிறாள்.

நாய்ஸ்: லைட்ரூம் ஜெயித்தது, பேச்சே இல்லை. அந்த ஏஐ டீநாய்ஸ் போட்டால் துணியின் நெசவு கூட மிச்சம் இருக்கிறது. ஆனால் என் மடிக்கணினியில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் எடுக்கிறது, விசிறி கத்துகிறது. டார்க்டேபிளில் 'ப்ரொஃபைல்டு' என்று இருக்கும் டீநாய்ஸைப் போட்டேன். என் கேமராவையும் ஐஎஸ்ஓவையும் தானே கண்டுபிடித்துக்கொண்டது. புள்ளிகள் போயின, கூடவே நெசவும் கொஞ்சம் போயிற்று. திரையில் முழுப் படமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. நூறு சதவீதம் பெரிதாக்கினால் தெரிகிறது.

சிவப்பு விளக்குப் படம்: இரண்டிலும் தோல்வி. வெள்ளைச் சமநிலையை எவ்வளவு இழுத்தாலும் முகம் தட்டையான சிவப்புத் தகடுதான். மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே எல்லையே இல்லை. இதற்கு எந்த மென்பொருளில் மருந்து?

#13 நிழல்வள்ளி

எதிலும் இல்லை. எல்இடி சிவப்பு ஏறக்குறைய ஒரே அலைநீளத்தில் அடிக்கும் விளக்கு. முகத்தில் அது விழுந்தால் சென்சாரின் சிவப்புப் பகுதி மட்டும் நிரம்பி வழிந்துவிடும். பச்சை, நீலப் பகுதிகளில் கொஞ்சம்தான் இருக்கும். வழிந்த இடத்தில் எல்லாப் புள்ளிக்கும் ஒரே எண். மூக்கின் எண்ணும் கன்னத்தின் எண்ணும் ஒன்றானபின் எதை வைத்துப் பிரிப்பது? கேமராவின் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) அநேகமாக எல்லாம் சரி என்றுதான் காட்டியிருக்கும். மூன்று நிறத்தையும் சேர்த்த ஒற்றை வரைபடத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அடுத்த தடவை நிறவாரியாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுங்கள்.

இப்போது கையில் இருப்பதற்கு ஒரு வழி: கறுப்பு வெள்ளை. ஆனால் சாதாரணமாக நிறத்தை உருவினால் அதே தகடுதான் சாம்பல் நிறத்தில் வரும். டார்க்டேபிளில் கலர் கேலிப்ரேஷன் மாட்யூலில் கிரே என்று ஒரு தாவல். அங்கே சிவப்பைப் பூஜ்யமாக்கி, பச்சையை மட்டும் ஏற்றுங்கள். வழியாத பச்சையில்தான் முகத்தின் மேடு பள்ளம் ஒளிந்திருக்கிறது. நாய்ஸ் பொரிப்பொரியாக வரும், வரட்டும். நாடகப் படத்துக்கு அது அழகுதான்.

#14 மங்கல்வெளிச்சம்

அக்கா!! மூக்கு வந்துவிட்டது!

ஒரு பாத்திரம் கத்தும் காட்சி அது. சிவப்பில் ஒன்றுமே தெரியாமல் இருந்தது. இப்போது கழுத்து நரம்பு தெரிகிறது.

ஆனால் புதுக் கவலை. நான் லைட்ரூமில் முடித்த அந்த 40 படம் என்ன ஆகும்? சோதனை முடிந்ததும் பூட்டிவிடுவார்களா? மாற்றங்களை டார்க்டேபிளுக்கு எடுத்துக்கொண்டு போக முடியுமா?

#15 பழையநெகடிவ்

இதற்கு நானே பதில் சொல்கிறேன், இல்லையென்றால் காக்கை பெரிய கதையாக எழுதிவிடுவார்.

படங்களை உங்கள் கணினியிலேயே வைக்கும் லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்றாலும் படங்களைப் பார்க்கலாம், அடுக்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். படம் திருத்தும் டெவலப் பகுதியும் வரைபடப் பகுதியும்தான் பூட்டிக்கொள்ளும். அதாவது செய்தது செய்தபடி நிற்கும், ஒரு ஸ்லைடரையும் அசைக்க முடியாது. மேகத்தில் (நிறுவனத்தின் சர்வரில்) சேமிக்கும் இன்னொரு லைட்ரூம் இருக்கிறதே, உங்கள் மூலப்படங்கள் அங்கே இருந்தால் முதலில் அவற்றை இறக்கி வையுங்கள். எதை நிறுவினீர்கள் என்று பாருங்கள், பெயர் குழப்பம் அப்படி.

கிளாசிக்கில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மெட்டாடேட்டாவைக் கோப்பில் எழுது என்று கொடுத்தால் ஒவ்வொரு ராவுக்கும் பக்கத்தில் எக்ஸ்எம்பி உண்டாகும். நட்சத்திரம், குறிச்சொல், தலைப்பு எல்லாம் அடுத்த மென்பொருளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். நிற மாற்றங்கள் அப்படியே போகாது. டார்க்டேபிள் அதில் க்ராப், எக்ஸ்போஷர் மாதிரி சிலதைப் படித்துக்கொள்ள முயலும், அவ்வளவுதான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் கணக்கு வேறு. இங்கே +20 என்றால் அங்கே அது என்னவென்று யாருக்கும் தெரியாது.

ஆகவே முடிந்த 40ஐயும் 16 பிட் டிஃப் (எந்த எடிட்டரும் திறக்கும், தரம் குறையாத படக் கோப்பு) ஆக ஏற்றுமதி செய்துவிடுங்கள். 24 மெகாபிக்சல் என்றால் ஒன்று சுமார் 144 எம்பி வரும், 40க்கு 6 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. வட்டில் இடம் இருந்தால் அதைச் செய்யுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறேன் தெரியுமா? சில வருடங்களுக்கு முன் ஒரு செல்பேசிச் செயலியில், அதுவும் காசு கட்டி, ஒரு பயணத்தின் படங்களையெல்லாம் திருத்தினேன். நிறுவனத்தை மூடினார்கள். மின்னஞ்சல் வந்ததாம், நான் பார்க்கவில்லை. மூலப்படங்கள் என்னிடம் இருந்தன. திருத்திய ஒன்றும் இல்லை. மூன்று வாரப் பயணத்தைத் திரும்ப உட்கார்ந்து செய்ய மனது வரவில்லை. இன்றுவரை திருத்தாமலேதான் கிடக்கிறது.

#16 கட்டற்றகாக்கை

சார், இதைத்தான் நான் #3இல் சொல்ல முயன்றேன். காசு கட்டியும் போயிற்று பாருங்கள்.

நேர்மையாக ஒன்று ஒப்புக்கொள்கிறேன். டார்க்டேபிளின் எக்ஸ்எம்பியையும் வேறு யாரும் அதே நிறத்தில் திறக்க முடியாது. அந்த விதத்தில் நாங்களும் கூண்டுதான். கதவுக்குப் பூட்டு இல்லை, அவ்வளவுதான். பத்து வருடம் கழித்தும் அந்தப் பதிப்பை இறக்கி, நிறுவி, அதே படத்தை அதே ஸ்லைடரோடு திறக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் முக்கியமான படத்தை டிஃப் ஆக எடுத்து வைக்கும் பழக்கம் எங்களுக்கும் வேண்டும்.

#17 மங்கல்வெளிச்சம்

40ஐயும் டிஃப் எடுத்துவிட்டேன் சார். நன்றி. அந்தப் பயணப் படங்களை ஒரு நாள் இங்கே போடுங்கள்.

அப்பா படத்துக்கு வருகிறேன். ஸ்கேன் செய்து வைத்துவிட்டேன். 600 டிபிஐ. கிம்ப்பில் பழுதை மறைக்கும் ஹீல் கருவியை எடுத்துக் கோட்டின் மேல் ஓட்டினேன். கன்னத்தில் சரியாகப் போனது. கோடு கண்ணின் ஓரத்தைத் தொடும் இடத்தில் மட்டும் கறுப்பாகத் தீற்றிவிட்டது. அப்பாவுக்குக் கண்மை வைத்தது போல இருக்கிறது. இதற்காவது ஃபோட்டோஷாப் வேண்டுமா?

#18 பழையநெகடிவ்

வேண்டாம். (காக்கை, இதைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இனி சொல்ல மாட்டேன்.)

கோளாறு கிம்ப்பில் இல்லை, ஹீலின் குணமே அது. ஹீல் என்பது நீங்கள் காட்டும் இடத்திலிருந்து தோலின் டெக்ஸ்ச்சரை (நுண் அமைப்பை) மட்டும் எடுத்து, வெளிச்சத்தையும் நிறத்தையும் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். கன்னத்தில் சுற்றுப்புறமெல்லாம் ஒரே சாயல், அதனால் அழகாக வரும். கண்ணோரத்தில் ஒரு பக்கம் தோல், ஒரு பக்கம் இமையின் கறுப்பு. இரண்டையும் கலந்து தீற்றிவிடும். ஃபோட்டோஷாப்பின் ஹீலும் அங்கே இதையேதான் செய்யும்.

விளிம்பு வரும் இடத்தில் குளோன் கருவி. அது கலக்காது, அப்படியே நகலெடுக்கும். பிரஷ்ஷைச் சின்னதாக, கோட்டின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக வையுங்கள். ஓரம் மென்மையாக இருக்கட்டும். இமையின் வளைவிலேயே, கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு சொடுக்கு. அங்கிருந்து இங்கே ஒரு புள்ளி. இழுக்காதீர்கள். புள்ளி புள்ளியாகத் தொடுங்கள். நாலு தொடலுக்கு ஒரு தடவை வேறு இடத்திலிருந்து எடுங்கள், இல்லையென்றால் ஒரே மரு வரிசையாக முளைக்கும். எல்லாவற்றையும் புது லேயரில் செய்யுங்கள், 'சாம்பிள் மெர்ஜ்டு' டிக் செய்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அந்த லேயரை அழித்துவிட்டுத் திரும்ப.

கோடு போனபின்னும் அந்த இடம் லேசாக வெளுத்த பட்டையாகத் தெரிந்தால், கிம்ப்பிலேயே வேவ்லெட் டீகம்போஸ் இருக்கிறது. படத்தை நுண்மையிலிருந்து பெரியது வரை பல லேயராகப் பிரித்துக் கொடுக்கும். பெரிய சாயல் லேயரில் மட்டும் அந்தப் பட்டையைச் சமன்செய்தால் மேலே உள்ள தோலின் டெக்ஸ்ச்சர் கலையாது.

#19 அரைத்தூக்கம்

இதெல்லாம் எதற்கு? ஏஐயிடம் கொடுத்தால் முகத்தையே புதிதாகத் தருமே.

#20 நிழல்வள்ளி

அதுதான் பிரச்சினை. புதிதாகத்தான் தரும். ஒரு வாடிக்கையாளர் தன் பாட்டியின் மங்கிய படத்தை அப்படி ஒரு தளத்தில் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். கண் இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, பல் வரிசை பளபளத்தது. பாட்டிக்கு முன்பல் ஒன்று கிடையாதாம். வீட்டில் காட்டியபோது 'யார் இது?' என்று கேட்டிருக்கிறார்கள்.

பின்னணிச் சுவரில் கிழிசல் இருந்தால் ஏஐயை விடுங்கள், யாருக்கும் நட்டமில்லை. முகத்தில் வேண்டாம். இன்னொன்று, ஃபோட்டோஷாப்பில் ஏஐ வைத்து இடத்தை நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில் மாதிரியானவை உங்கள் கணினியில் ஓடுவதில்லை, படத்தின் பகுதி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் வரும். வீட்டுப் படத்தை எங்கே அனுப்புகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அழுத்துங்கள்.

#21 அரைத்தூக்கம்

சரி, சரி. உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இரண்டு பக்கமும் அடித்துக்கொள்கிறீர்கள், மங்கல்வெளிச்சம் திரையின் வெளிச்சம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் தங்கை கைகாட்டியது எதுவாக இருந்தாலும் செல்லாது.

#22 மங்கல்வெளிச்சம்

ஐயோ. ஓடிக்கொண்டிருந்தது.

#23 பழையநெகடிவ்

அரைத்தூக்கம் முழித்துக்கொண்டார்.

தம்பி, திரையை அளக்கும் கருவி ஒன்று இரவல் கிடைக்குமா பாருங்கள். கூடவே திரையின் நிறத்தைச் சரிசெய்யும் டிஸ்ப்ளேகேல் போடுங்கள். அது கட்டற்ற மென்பொருள்தான். இதையும் காக்கை குறித்துக்கொள்ளலாம்.

#24 மங்கல்வெளிச்சம்

இழையை மூடுவதற்கு முன் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மஞ்சளை நிறுத்திவிட்டு அந்த இரண்டு படத்தையும் திரும்பப் பார்த்தேன். என் டார்க்டேபிள் படம் கொஞ்சம் நீலமாக இருந்தது. திருத்திவிட்டேன். தங்கையை இந்தத் தடவை கேட்கவில்லை.

சந்தா கட்டவில்லை. நாடகக்காரர்கள் அச்சுக்கு ஒரு பெரிய படம் கேட்கிறார்கள், அந்த ஒன்றுக்கு மட்டும் நாய்ஸ் உறுத்துகிறது. நிழல்வள்ளி அக்கா அதன் ராவை அனுப்பச் சொல்லியிருக்கிறார், அவர் கணினியில் ஓட்டித் தருவாராம். மிச்சத்தைக் காட்சி வாரியாகப் பிரித்தேன். ஒவ்வொரு காட்சியிலும் ஒரு படத்தைச் செய்து, கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி. ஒரே விளக்கு என்பதால் பத்துக்கு எட்டு அப்படியே பொருந்துகிறது. 380இல் 171ஐத் தள்ளிவிட்டேன். அதற்கு மென்பொருள் எதுவும் உதவவில்லை.

அப்பா கண்ணோரம் முடிய இரண்டு இரவு ஆயிற்று. கோடு போய்விட்டது. கன்னத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது, அதையும் கோட்டின் மிச்சம் என்று நினைத்து எடுத்துவிட்டேன். அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'மச்சம் எங்கே?' என்றார்.

தனி லேயரில் இருந்ததால் திரும்ப வைத்துவிட்டேன்.